பழைய மோட்டாருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தது யார்?

பழவேற்காடு ஏரி கடலோடு சேரும் முகத்துவாரத்தில் படகின் இன்ஜின் அரை நிமிடம் நின்றுபோனால் போதும். பின்னால் வரும் அலை படகைக் குறுக்கே திருப்பிவிடும். அடுத்த அலை மேலே ஏறிவிடும். வலை, ஐஸ் பெட்டி, பிடித்த மீன், எண்ணெய் கேன், ஆட்கள் எல்லாம் தண்ணீரில். நடுக்கடல் விபத்தல்ல இது. கலங்கரை விளக்கம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், வீட்டு வாசலில் நடப்பது.

அதனால் இந்தக் கரையில் நல்ல இன்ஜின் எது என்ற பேச்சு வந்தால் வேகத்தை யாரும் முதலில் சொல்வதில்லை. முகத்துவாரத்தில் நிற்காமல் ஓடுமா? விடியற்காலை ஈரத்தில் ஒன்றிரண்டு இழுப்பில் பிடித்துக்கொள்ளுமா? நின்றுவிட்டால் கையிலிருக்கும் பிளக் ரெஞ்சையும் ஒரு ஸ்க்ரூ டிரைவரையும் வைத்தே படகில் சரிசெய்ய முடியுமா? இந்தக் கேள்விகளில் தேறுகிற மோட்டார்தான் நல்ல மோட்டார். பெயின்ட் உதிர்ந்து, மூடி உடைந்து, நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிய பழைய அவுட்போர்டுக்குத் தமிழகக் கடற்கரையில் இன்னமும் மரியாதை இருப்பது இதனால்தான்.

அந்த மரியாதை நியாயமானதா என்று கேட்டால், பாதி நியாயம் என்பேன். மீதிப் பாதி வேறு ஒருவருக்குச் சேர வேண்டியது. அவருக்கு அரசின் எந்தத் திட்டத்திலும் இடமில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

மணலும் உப்பும்

சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை திருவள்ளூர் மாவட்டத்தில். 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியது இந்த முகத்துவாரத்தை நம்பித்தான். இன்று அதே முகத்துவாரம் மீனவர்களைப் பாடாய்ப் படுத்துகிறது. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாற்று வெள்ளம் வாயை அகலத் திறந்துவிடும். கோடையில் மணல் மேடிட்டுக் குறுகும். சில ஆண்டுகளில் அடைத்தே போகும். ஏரியின் உள்ளேயும் பல இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர்தான். அடியில் சேறு, மேலே யாருடைய வலையோ, நடுவே விசிறி சுற்றுகிற மோட்டார்.

இந்தத் தண்ணீர் எவ்வளவு கடுமையானது என்பதற்கு 2011 டிசம்பர் 25 சாட்சி. கிறிஸ்துமஸ் நாளில் சுற்றுலா வந்த குடும்பங்களை ஏற்றிச் சென்ற படகு கவிழ்ந்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏற்றியிருந்தார்கள், உயிர் காக்கும் சட்டை இல்லை. அந்தச் சாவுக்கு மோட்டாரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இந்த வாயில் தவறுக்கு மன்னிப்பு கிடையாது என்பதை அன்று வெளியூர்க்காரர்களும் அறிந்துகொண்டார்கள்.

அவுட்போர்டு மோட்டார் படகின் அமரத்தில், அதாவது பின்பக்கத்தில், வெளியே மாட்டப்படுவது. அரசு அறிவிப்புகளில் வெளிப்பொருத்தும் இயந்திரம், கரையில் ஓ.பி.எம். தண்ணீரில் இறங்கியிருக்கும் கால் பகுதியில் ஒரு வாய் இருக்கிறது. அது கடல்நீரை உறிஞ்சி, மேலே கொதிக்கும் சிலிண்டரைச் சுற்றிவிட்டு வெளியே துப்புகிறது. மோட்டாரின் பின்னால் ஒரு சிறு துளையிலிருந்து நீர் பீய்ச்சிக்கொண்டே இருக்க வேண்டும். அது நின்றால் உடனே மோட்டாரை நிறுத்தியாக வேண்டும் என்பது ஸ்டியரிங் பிடிக்கிற சிறுவனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தும், முகத்துவாரத்தில் அலைக்கு நடுவே எப்படி நிறுத்துவது?

வெயிலுக்குத் தார்ப்பாய் கட்டிய இடத்தில் இரண்டு பலகைகளின் மேல் ஒரு மோட்டாரைப் படுக்கவைத்துப் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். உப்பு பிடித்த போல்ட்டுகள் லேசில் அசையாது. சூடு காட்டி, தட்டி, எண்ணெய் விட்டு, காத்திருந்து, மறுபடி தட்ட வேண்டும். அவசரப்பட்டு முறுக்கினால் போல்ட் தலை உடைந்து அலுமினியத்துக்குள் தங்கிவிடும். அதைத் துளை போட்டு எடுப்பது ஒரு நாள் வேலை. கால் பகுதி கழன்றதும் உள்ளே இம்பெல்லர் தெரியும். ரப்பர் இதழ்கள் கொண்ட, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சக்கரம். நீரை மேலே அனுப்புவது இதுதான். கலங்கிய நீரில் மணலை அரைத்து அரைத்து இதழ்கள் மழுங்கியிருக்கும். அது சுற்றும் உலோகக் கிண்ணத்தின் உட்புறம் முழுக்கக் கீறல். ஓர் இதழ் ஒடிந்திருந்தால் நல்ல மெக்கானிக் உடனே புது இம்பெல்லரைப் போட்டு மூடிவிட மாட்டார். ஒடிந்த துண்டு எங்கே போனது என்று தேடுவார். தண்ணீர்க் குழாயில் ஏறி எங்காவது அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் மூடினால் புது இம்பெல்லரோடும் மோட்டார் சூடேறும். அடுத்து கியர் ஆயிலைத் திறந்து பார்ப்பார். பால் கலந்த டீ மாதிரி வெளுத்து வந்தால் சீல் வழியாகக் கடல்நீர் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். அன்றைக்கே சீல் மாற்றினால் சின்னச் செலவு. இன்னும் ஒரு மாதம் ஓட்டினால் கியரே போய்விடும்.

இந்த வேலையில் பெயர்ப்பலகையில் யமஹா என்றிருக்கிறதா, சுசுகி என்றிருக்கிறதா என்பதற்கு இடமே இல்லை. ஒடிந்த துண்டைத் தேடுகிற பொறுமைக்குத்தான் இடம்.

பழையது ஏன் ஓடுகிறது

பழைய அவுட்போர்டுகள் பெரும்பாலும் டூ ஸ்ட்ரோக். சிலிண்டர் தலையில் வால்வுகள் கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, தனி ஆயில் தொட்டி கிடையாது. எரிபொருளோடு கலந்த எண்ணெய்தான் பேரிங்குக்கும் பிஸ்டனுக்கும் உயவு. சுழலும் ஃப்ளைவீலில் இருக்கிற காந்தமே பிளக்குக்கு மின்சாரம் தந்துவிடும், பேட்டரி வேண்டாம். கயிற்றை இழுத்தால் ஓடும். ஓடவில்லை என்றால் பார்க்க வேண்டியவை மூன்றே: எண்ணெய் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா, கம்ப்ரஷன் இருக்கிறதா. கணினியை மாட்டிப் பார்க்க வேண்டிய எதுவும் இதில் இல்லை.

யமஹா தன் முதல் அவுட்போர்டை வெளியிட்டது 1960-இல், சுசுகி 1965-இல். பிறகு யமஹா தொழில்முறை மீனவர்களுக்கென்றே எண்டூரோ என்ற வரிசையைக் கொண்டுவந்தது. ஆப்பிரிக்கக் கடற்கரையிலிருந்து கேரளம், இலங்கை, இந்தோனேசியா வரை மீனவர் கைகளில் பழகிப்போன மோட்டார் அது. அலங்காரம் ஏதுமில்லாமல், தடித்த பாகங்களோடு, கயிற்று ஸ்டார்ட்டரோடு வருவது. இந்த மோட்டார்களின் வடிவமைப்பு ஆண்டுக்கு ஆண்டு மாறவில்லை என்பதே மீனவனுக்குப் பெரிய லாபம். பத்து வருடத்துக்கு முந்தைய மோட்டாரின் பாகம் இன்றைய மோட்டாருக்கும் பொருந்தும். ஓடாமல் கிடக்கும் ஒரு மோட்டாரிலிருந்து பாகங்களைக் கழற்றி இன்னொன்றை ஓடவைக்கலாம்.

எடையும் ஒரு காரணம். அதே குதிரைத்திறனுள்ள ஃபோர் ஸ்ட்ரோக் மோட்டார் பொதுவாகக் கூடுதல் எடை. இரவில் களவு போய்விடும் என்று மோட்டாரைக் கழற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவருக்கு ஒவ்வொரு கிலோவும் தோளில் தெரியும்.

புதியது என்பதாலேயே நம்பத்தக்கது ஆகிவிடாது என்பதற்கு அமெரிக்காவிலேயே ஒரு பெரிய உதாரணம் உண்டு. ஓலே எவின்ரூட் 1909-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த மோட்டாரிலிருந்துதான் அவுட்போர்டு என்பது ஒரு தொழிலாகவே வளர்ந்தது. எவின்ரூட், ஜான்சன் என்ற இரு பெயர்களும் பிற்பாடு ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. பல தலைமுறைகளின் நற்பெயர். 1990-களின் பிற்பகுதியில் புகையைக் குறைக்கும் கட்டாயத்தில் ஃபிச்ட் என்ற நேரடி எரிபொருள் ஊசி முறையை அவசரமாகப் புகுத்தினார்கள். மோட்டார்கள் பழுதாகித் திரும்பி வந்தன. 2000 டிசம்பரில் அந்த நிறுவனம் திவாலானது. பெயரை வாங்கிய பம்பார்டியர் குழுமம் தொழில்நுட்பத்தைச் செம்மைப்படுத்தி நடத்திப் பார்த்தும், 2020 மே மாதம் எவின்ரூட் உற்பத்தியே நின்றது. தங்களுக்கு முன் தயாரான எளிய ஜான்சன்களின் நற்பெயரைப் புது மோட்டார்களால் காப்பாற்ற முடியவில்லை.

ஆனால் பழைய டூ ஸ்ட்ரோக்கைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் முடியாது. கார்புரேட்டர் வைத்த டூ ஸ்ட்ரோக் தான் குடிக்கும் எரிபொருளில் கால் பங்கு வரை எரிக்காமலேயே தண்ணீரில் விட்டுவிடும். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் முகமை 1996-இல் விதிகளைக் கொண்டுவந்து, 1998 முதல் படிப்படியாக இவற்றின் உற்பத்தியைக் கட்டுப்படுத்தியதற்குக் காரணம் அதுதான். பூநாரைகள் வந்திறங்குகிற, இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்கிற ஆழமில்லாத ஏரிக்கு இது நல்லதல்ல. அந்த ஏரியையே நம்பிப் பாடு முறையில் முறை வைத்து மீன் பிடிக்கிற குடும்பங்களுக்கும் நல்லதல்ல. எரியாமல் போகும் எண்ணெய் மீனவனின் காசு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஆட்டோவில் ஓடுகிற இன்ஜின்

சோழமண்டலக் கரையில் அவுட்போர்டைவிட அதிகம் காதில் விழுவது இன்னொரு சத்தம். படபடவென்று ஊரையே எழுப்பும் ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின். பின்னால் நீண்ட தண்டு, தண்டின் முனையில் விசிறி. இதில் பெயர் பெற்றது லம்பார்டினி. இத்தாலிய நிறுவனத்தின் வடிவமைப்பு. இந்தியாவில் கிரீவ்ஸ் கூட்டில் தயாரானது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக ஃபைபர் படகுகள் குவிந்தபோது, இந்த இன்ஜின்களும் சேர்ந்தே கரைக்கு வந்தன. சுனாமியில் போனதைவிட அதிகமான படகுகள் வந்தன என்பது அன்றைக்கே எழுந்த விமர்சனம். கட்டுமரத்தில் துடுப்பு வலித்தவர்கள் ஒரே வருடத்தில் இன்ஜின் சொந்தக்காரர்கள் ஆனார்கள். இன்ஜினைக் கொடுத்தவர்களில் பலர் அதைப் பார்த்துக்கொள்ளக் கற்றுக்கொடுக்கவில்லை.

அப்படியும் அந்த இன்ஜின் இங்கே நிலைத்துவிட்டது. முதல் காரணம், அது காற்றால் குளிர்கிற இன்ஜின். கடல்நீரை உறிஞ்ச வேண்டியதில்லை. ஆகவே இம்பெல்லர் இல்லை, மணல் அடைப்பு இல்லை, உள்ளுக்குள் உப்பு படிவதில்லை. இரண்டாவது காரணம் என்னைப் பொறுத்தவரை அதைவிடப் பெரியது. அதே குடும்பத்து இன்ஜின்தான் சாலையில் டீசல் ஆட்டோவையும் சரக்கு ஆட்டோவையும் இழுத்தது. பிஸ்டன், ரிங், நாசில், ஃபில்டர் எதுவானாலும் ஆட்டோ உதிரிபாகக் கடையில் கேட்டு வாங்கலாம். பொன்னேரி, மீஞ்சூர், கும்மிடிப்பூண்டி என எங்கே போனாலும் ஆட்டோ மெக்கானிக் ஒருவர் இருப்பார். கடலுக்கென்று தனியாக ஒரு சேவை மையம் இல்லாத ஊரில், சாலையிலிருந்து அந்தச் சேவையை இந்த இன்ஜின் கடன் வாங்கிக்கொண்டது.

டீசல் இன்ஜினைச் சிறு படகுக்கு ஏற்றதாக்கும் முயற்சி இந்தக் கரையில் புதிதல்ல. ஐ.நா.வின் உணவு வேளாண் அமைப்பு 1979-இல் சென்னையைத் தலைமையிடமாக வைத்து வங்காள விரிகுடாத் திட்டத்தைத் தொடங்கியது. அலை அடிக்கும் வெறும் மணற்கரையில் ஏற்றி இறக்கக்கூடிய படகை வடிவமைத்தபோது, விசிறியும் தண்டும் இன்ஜினோடு சேர்ந்து மேலே தூக்கிக்கொள்ளும்படி ஓர் அமைப்பை அவர்கள் உருவாக்கினார்கள். கரை நெருங்கும்போது விசிறி மணலில் இடிக்கக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம். இன்றைக்குத் தண்டைக் கையால் தூக்கிப் பிடித்து ஆழமில்லாத இடத்தைக் கடக்கிற பழவேற்காட்டு மீனவர் அதே சிக்கலுக்கு எளிய விடையோடு வாழ்கிறார்.

குறைகளும் உண்டு. மூடி இல்லாத தண்டும் பெல்ட்டும் லுங்கியைப் பிடித்து இழுக்கும், விரல் போகும். பல வருடம் அந்தச் சத்தத்துக்குப் பக்கத்தில் நின்றவருக்குக் காது மந்தமாகிவிடும். நம்பகமான இன்ஜின் என்று பட்டம் கொடுக்கிறபோது இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எண்ணூர்ப் பக்கம் போனால் இன்ஜின் பேச்சு இன்னும் பெரிய அளவில் நடக்கும். 1948-இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கி, 1955-இல் பெயர் மாறிய அசோக் லேலண்டின் ஆலை அங்கேதான். லாரிக்குச் செய்த அதே குடும்பத்து இன்ஜின்கள்தான் பல விசைப்படகுகளிலும் ஓடுகின்றன. லாரி ஷெட்டில் வேலை பழகியவர் விசைப்படகின் இன்ஜினையும் இறக்கிப் பிரிப்பார். ஊரில் எந்தப் பாகம் கிடைக்கிறதோ, எந்த வேலைக்கு ஆள் இருக்கிறதோ, அந்த இன்ஜினே பெயர் வாங்குகிறது. ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்த நாட்களில் இன்ஜினை இறக்கி முழுசாகப் பார்த்துவிடுவார்கள். ஃபைபர் படகுக்குத் தடை இல்லை, ஆகவே ஓய்வும் இல்லை. கடல் சீறுகிற நாட்களைத் தவிர வருடம் முழுக்க அந்தச் சிறிய இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதைப் பிரித்துப் பார்க்க ஒரு நாள் ஒதுக்கினால் அன்றைய பாடு போயிற்று.

மண்ணெண்ணெய் என்ற பந்தயம்

பழைய ஓ.பி.எம்.களின் பெயரைக் கெடுத்ததில் மண்ணெண்ணெய்க்குப் பெரும் பங்கு உண்டு. பெட்ரோல் விலை கட்டுப்படியாகாததால் கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் மண்ணெண்ணெய் ஓ.பி.எம். பரவியது. முதலில் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, இன்ஜின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். கரை நெருங்கும்போது மறுபடி பெட்ரோல், அப்போதுதான் அடுத்த நாள் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும். இந்த ஒழுங்கைக் கடைப்பிடித்தவர்களுக்கு மோட்டார் வருடக்கணக்கில் உழைத்தது.

ஆனால் மண்ணெண்ணெய் அழுத்தத்தைத் தாங்காது; சீக்கிரம் வெடித்துச் சிலிண்டருக்குள் இடிக்கும். அதனால்தான் கம்பெனிகள் மண்ணெண்ணெய்க்கென்று கம்ப்ரஷன் குறைந்த தனி மாடல்களைச் செய்கின்றன. பெட்ரோல் மாடலை வாங்கிக் கரையிலேயே மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் கரி அடைத்து ரிங் ஒட்டிக்கொள்ளும், பிஸ்டனில் ஓட்டை விழும். பழி மட்டும் மோட்டாரின் மேல் விழும்.

தமிழக அரசு நாட்டுப் படகுகளுக்கு மானிய விலையில் எரிபொருள் தருகிறது. 2023 ஆகஸ்டில் மண்டபத்தில் நடந்த மீனவர் மாநாட்டில் முதல்வர் மு.க.ஸ்டாலின், நாட்டுப் படகுகளுக்கான ஆண்டு டீசல் அளவை 4,000 லிட்டரிலிருந்து 4,400 லிட்டராகவும், மண்ணெண்ணெயை 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராகவும் உயர்த்தி அறிவித்தார். வெளிப்பொருத்தும் இயந்திரங்களுக்கு 40 சதவீத மானியமும் உண்டு. நல்ல உதவிகள்தான். ஆனால் மண்ணெண்ணெய் ஒதுக்கீடு நாடு முழுக்கச் சுருங்கிக்கொண்டே வருகிறது. ஒரே எரிபொருளை நம்பியிருப்பது எவ்வளவு ஆபத்து என்பதை இலங்கை காட்டிவிட்டது. 2022 ஆகஸ்டில் அங்கே மண்ணெண்ணெய் லிட்டர் 87 ரூபாயிலிருந்து ஒரே நாளில் 340 ரூபாய்க்குப் போனது. எந்தக் கோளாறும் இல்லாத மோட்டார்களை வைத்துக்கொண்டு மீனவர்கள் கரையில் உட்கார நேர்ந்தது.

படகில் போகிறவர்களின் கூலிக் கணக்கும் இங்கே முக்கியம். விற்ற காசில் முதலில் எரிபொருள் செலவைக் கழிப்பார்கள். பிறகு படகுக்கு, இன்ஜினுக்கு, வலைக்கு என்று பங்கு போகும், மீதி ஆட்களுக்கு. எண்ணெயைக் கூடுதலாகக் குடிக்கிற இன்ஜின் சொந்தக்காரரை மட்டும் பாதிப்பதில்லை, கூட வருகிற ஒவ்வொருவர் வீட்டு அரிசியிலும் கை வைக்கிறது. இன்ஜின் இரண்டு வாரம் படுத்துவிட்டால் சொந்தக்காரர் ஏலக்காரரிடம் முன்பணம் வாங்குவார். வாங்கினால் மீனை அவரிடம்தான் போட வேண்டும், அவர் சொன்னதுதான் விலை. ஒரு சின்ன ரப்பர் இம்பெல்லர் மாற்றாததில் தொடங்குகிற கடன் இப்படித்தான் நீளுகிறது.

பழையதை வாங்குகிறவர் பார்க்க வேண்டியது

புது மோட்டார் வாங்க வழியில்லாதவர்கள் பழையதைத்தான் வாங்குவார்கள். அதில் அவமானம் ஒன்றுமில்லை. ஆனால் கவரின் பளபளப்பையும் ஸ்டிக்கரையும் பார்த்து வாங்கக் கூடாது. பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காப்பி நிறத்தில் இருந்தால் நல்லது. கரியும் எண்ணெயும் அப்பியிருந்தால் எரிதல் சரியில்லை. பீங்கான் பகுதி வெளுத்துக் கொப்பளித்திருந்தால் மோட்டார் சூடேறி ஓடியிருக்கிறது. இரண்டு சிலிண்டர் மோட்டாரானால் இரண்டின் கம்ப்ரஷனையும் மீட்டர் வைத்து அளக்கச் சொல்லுங்கள். அளவு கொஞ்சம் குறைந்திருப்பதுகூடப் பரவாயில்லை, இரண்டுக்கும் இடையே பெரிய வித்தியாசம் இருந்தால் விட்டுவிடுங்கள். சிலிண்டர் தலையைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்திருந்தால் கேஸ்கெட் கசிகிறது. கியர் ஆயில் ஸ்க்ரூவை உங்கள் கண்ணெதிரே தளர்த்தச் சொல்லுங்கள். விற்கிறவர் தயங்கினால் அதுவே பதில். ஏற்கெனவே சூடாக்கி வைத்த மோட்டாரை ஓட்டிக்காட்டினால் ஏமாறாதீர்கள். ஆறிய மோட்டாரை உங்கள் கையால் இழுத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

இத்தனைக்கும் மேல் ஒன்று. அந்த மாடலுக்கு இம்பெல்லர், சீல், பிளக், கார்புரேட்டர் கிட் இன்று சென்னையில் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணத்தை எடுங்கள். பாகம் கிடைக்காத மோட்டார் எந்த நாட்டுத் தயாரிப்பானாலும் வேண்டாம்.

வாங்கிய பிறகு செய்ய வேண்டியதில் முதன்மையானது நல்ல தண்ணீரில் கழுவுவது. கடலிலிருந்து வந்ததும் ஒரு டிரம்மில் நன்னீர் நிரப்பி, மோட்டாரின் காலை அதில் இறக்கிச் சில நிமிடம் ஓடவிட்டால் உள்ளே இருக்கும் உப்பு வெளியேறும். எல்லாக் கையேட்டிலும் இருக்கிற அறிவுரைதான். நிலத்தடி நீரே உப்பாகிவிட்ட குப்பத்தில், குடத்தோடு குடிநீருக்குக் காத்திருக்கும் வீட்டில், ஒரு டிரம் நன்னீரை மோட்டாருக்கு ஊற்றச் சொல்வது எப்படி? பழைய மோட்டார்கள் சாவது பெரும்பாலும் வயதால் அல்ல, இந்த ஒரு டிரம் தண்ணீர் இல்லாததால்.

தொழிற்பேட்டைக்குப் பக்கத்துக் கடல்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உருக்காலைகள் வரிசையாக நிற்கின்றன. பழைய இரும்பை உருக்கிக் கம்பி இழுப்பது அங்கே பெரிய தொழில். வார்ப்பு, கடைசல், வெல்டிங் தெரிந்த கைகள் அந்த வட்டாரத்தில் ஏராளம். வளைந்த தண்டை நிமிர்த்தவும், தேய்ந்த புஷ்ஷைப் புதிதாகக் கடைந்து போடவும் லேத் பட்டறைக்குப் போனால் முடியும். அலுமினிய உறையில் விழுந்த விரிசலை ஆர்கான் வெல்டிங்கில் மூடவும் ஆள் உண்டு. உலோக வேலை தெரிந்தவர்கள் இவ்வளவு பேர் அருகில் இருக்கிறார்கள். கரையில் உள்ள மீனவருக்கோ சேவை மையம் இல்லை. வாகனத்தில் ஒரு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் தூரம் இவர்களைப் பிரித்து வைத்திருக்கிறது.

இந்தக் கரை தொழிற்சாலைகளுக்கு நிறையக் கொடுத்திருக்கிறது. எண்ணூரில் துறைமுகம், காட்டுப்பள்ளியில் துறைமுகம், அனல் மின் நிலையங்கள் எல்லாம் வந்தன. சாம்பல் கழிவு கலந்து கொசஸ்தலையாற்றுக் கழிமுகம் மேடானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. படகு, வலை, இன்ஜின் எல்லாம் கருப்பு. பாதிக்கப்பட்ட 787 படகுகளைச் சீர்செய்யப் படகுக்கு 10,000 ரூபாய் என்று அரசு அறிவித்தது. தண்ணீரை உறிஞ்சி ஓடுகிற ஒரு மோட்டாருக்குள் அந்தக் கசடு புகுந்தால் எவ்வளவு வேலை என்று ஒரு மெக்கானிக்கைக் கேட்டால் தெரியும். அந்தப் பத்தாயிரம் படகின் மேல்பூச்சைத் தேய்த்துக் கழுவுவதற்கே சரியாகிவிடும்.

கேரளத்திலும் கன்னியாகுமரியிலும் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு படகுத் தளங்களோடு ஓ.பி.எம். பழுதுபார்க்கும் பட்டறைகளையும் நடத்துகிறது. மோட்டாரை விற்பதும் பார்த்துக்கொள்வதும் மீனவர்களின் சொந்த அமைப்பின் கையிலேயே இருக்கிறது. வடதமிழகக் கரைக்கும் அப்படி ஒன்று வேண்டும். ஆட்களைத் தயார் செய்ய இடம் தேட வேண்டியதில்லை. பொன்னேரியில் டாக்டர் எம்.ஜி.ஆர். மீன்வளக் கல்லூரி இருக்கிறது. ராயபுரத்தில் மத்திய மீன்வளக் கடல்சார் பயிற்சி நிறுவனத்தின் கிளை 1968 முதல் இருக்கிறது. விசைப்படகு இன்ஜின் ஓட்டுநர்களை அது பயிற்றுவிக்கிறது. கரையில் ரெஞ்சு பிடிக்கிற இளைஞர்களுக்கும் மூன்று மாத வகுப்பு ஒன்றை இவ்விரண்டும் சேர்ந்து நடத்தினால், அப்பாவிடமும் சித்தப்பாவிடமும் கேட்டுப் பழகிய வேலைக்கு ஒரு சான்றிதழும், கம்ப்ரஷன் மீட்டர் மாதிரிக் கருவிகளைக் கையாளும் பழக்கமும் கிடைக்கும்.

பழைய மோட்டாருக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவர் அந்த மெக்கானிக்தான். ஜப்பானில் வார்த்த உலோகம் நல்ல உலோகம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தொழிற்சாலையை விட்டு வந்து பல வருடம் கழித்தும் முகத்துவாரத்தில் அது நிற்காமல் ஓடுகிறதென்றால், ஒடிந்த இதழின் துண்டைத் தேடி எடுத்தவருக்கு அதில் சரிபாதி உண்டு. மானியத்தில் மோட்டார் கொடுக்கும் அரசு, அவரைக் கண்டுகொள்ளாமல் இருக்கும்வரை கொடுத்த மோட்டார் சீக்கிரமே பழைய இரும்புக் கடைக்குப் போகும்.

மீன்வளத் துறைக்கு வேண்டுகோள்: பழவேற்காட்டில் ஓர் உதிரிபாகக் கிடங்கையும் பழுதுபார்க்கும் கொட்டகையையும் மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் பொறுப்பில் திறந்துவையுங்கள். கும்மிடிப்பூண்டி, எண்ணூர், காட்டுப்பள்ளி நிறுவனங்களுக்கு வேண்டுகோள்: 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிடும் கடமை உங்களில் பெரிய நிறுவனங்களுக்கு இருக்கிறது. அதில் ஒரு சிறு பகுதியை எடுத்து, படகுகள் அணையும் இடங்களில் மோட்டார் கழுவ நன்னீர்த் தொட்டிகள் கட்டிக்கொடுங்கள். அடுத்த ஆண்டு மானியப் பட்டியல் தயாராகும்போது புது மோட்டார்களின் எண்ணிக்கைக்குக் கீழே இம்பெல்லருக்கும் சீலுக்கும் மெக்கானிக்கின் பயிற்சிக்கும் ஒரு தொகையை எழுதுங்கள்.